எச்பிவி ‘பாசிட்டிவ்’ என்றால் புற்றுநோயா? கருப்பை வாயில் உண்மையில் என்ன நடக்கிறது?

பரிசோதனை முடிவில் “அதிக ஆபத்துள்ள எச்பிவி கண்டறியப்பட்டது” என்று ஒரு வரி வந்தால் நம்மில் பெரும்பாலோர் முதலில் என்ன செய்வோம்? மருத்துவரிடம் கேட்பதற்கு முன்னாடியே கைத்தொலைபேசியில் தேடுவோம். ஐந்தே நிமிடத்தில் ‘புற்றுநோய்’ என்ற சொல் கண்ணில் படும். அப்புறம் அன்றைக்குத் தூக்கம் போச்சு.

அந்த வரிக்கு அப்படி ஓர் அர்த்தம் இல்லை. எச்பிவி கிருமி தொற்றுவதற்கும் கருப்பை வாய்ப் புற்றுநோய் உருவாவதற்கும் நடுவே, நோய் எதிர்ப்புச் சக்தி சரியாக உள்ள பெண்ணுக்குப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகின்றன என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர்களுக்கு, எடுத்துக்காட்டாகச் சிகிச்சை பெறாத எச்ஐவி நோயாளிகளுக்கு, 5 முதல் 10 ஆண்டுகள்.

வேறு எந்தப் புற்றுநோயும் இவ்வளவு நீண்ட முன்னறிவிப்பைத் தருவது அபூர்வம். இத்தனைக்கும் 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் சுமார் 350,000 பெண்கள் இந்த நோயால் இறந்திருக்கிறார்கள். அத்தனை ஆண்டு இடைவெளி இருந்தும் ஏன்? அதைப் புரிந்துகொள்ள, அந்த இடைவெளியில் என்ன நடக்கிறது என்று நுண்ணோக்கி வழியாகக் கொஞ்சம் எட்டிப் பார்க்கலாம். உங்களுக்கு இல்லையென்றாலும், உங்கள் அக்காவுக்கோ அம்மாவுக்கோ அறிக்கை வரும்போது அதைப் படித்துச் சொல்லப்போவது அநேகமாக நீங்கள்தான்.

எந்த இடத்தில் ஆரம்பிக்கிறது?

கருப்பையின் அடிப்பகுதி குறுகி, பிறப்புறுப்புக்குள் திறக்கும் கழுத்துப் போன்ற பகுதிதான் கருப்பை வாய். அதன் வெளிப்பக்கத்தைத் தட்டையான உயிரணுக்கள் பல அடுக்குகளாக மூடியிருக்கும். உள்ளே போகும் பாதையில் கதை வேறு. அங்கே உயரமான, சளி சுரக்கும் உயிரணுக்கள் ஒரே ஒரு வரிசையில் நிற்கும். இந்த இரண்டும் சந்திக்கும் எல்லை ஒரே இடத்தில் நிற்பதில்லை. பருவமடையும்போது ஹார்மோன்களால் கருப்பை வாய் விரிய, உள்ளே இருந்த ஒற்றை வரிசை வெளியே தள்ளப்படுகிறது. வெளியே அமிலத்தன்மை அதிகம். அதைத் தாங்க முடியாமல் அந்த ஒற்றை வரிசை கொஞ்சம் கொஞ்சமாகப் பல அடுக்குப் படலமாக மாறிவிடுகிறது.

இது நோய் அல்ல. எல்லாப் பெண்களுக்கும் நடப்பது. இப்படி மாறிக்கொண்டிருக்கும் வளையத்துக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘உருமாற்ற மண்டலம்’. கருப்பை வாய்ப் புற்றுநோய்கள் பெரும்பாலும் இந்தச் சின்ன வளையத்தில்தான் தொடங்குகின்றன. பாப் பரிசோதனையில் மருத்துவர் ஒரு சிறு தூரிகையை வைத்து வட்டமாகச் சுழற்றுகிறார் இல்லையா? குறி இந்த வளையம்தான்.

அடுக்குகளைக் கற்பனை செய்ய ஒரு குவே லாப்பிஸ் துண்டை நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் இருக்கும் அடுக்குதான் தொழிற்சாலை. புதிய உயிரணுக்கள் அங்கே மட்டுமே பிறக்கும். பிறந்தவை மேலே ஏற ஏறத் தட்டையாகி, உட்கரு சுருங்கி, கடைசியில் உதிர்ந்துவிடும். எல்லாவற்றுக்கும் கீழே தட்டு மாதிரி ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. அடித்தளச் சவ்வு. ரத்தக் குழாய்கள் அந்தத் தட்டுக்குக் கீழேதான். இந்தத் தட்டை மறந்துவிடாதீர்கள். நோயியல் மருத்துவருக்குப் புற்றுநோயா இல்லையா என்ற கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

கிருமி எப்படி ஏமாற்றுகிறது?

எச்பிவியில் 200க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. கையில் மரு வரவைப்பவையும் அந்தக் குடும்பம்தான். புற்றுநோயோடு தொடர்புடையவை சுமார் 14. அவற்றிலும் 16, 18 என்ற இரண்டு வகைகள் மட்டும் உலகின் கருப்பை வாய்ப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்குக் காரணம். கிருமிக்கும் இந்தப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டியவர் ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்ட் சுர் ஹவுசன். எச்பிவி 16 வகையை அவருடைய குழு 1983இல் கண்டுபிடித்தது. 18 வகையை அதற்கு அடுத்த ஆண்டு. 2008இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

கண்ணுக்குத் தெரியாத சிறு சிராய்ப்பு வழியாகக் கிருமி அடி அடுக்குக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே அது அவசரப்படுவதில்லை. உயிரணுவைக் கொல்வதில்லை, ரத்தத்தில் கலப்பதில்லை. அதனால் காய்ச்சல் வராது, வலி வராது. உயிரணு மேலே ஏறும்போது கூடவே ஏறி, உச்சி அடுக்குகளுக்குப் போனதும் தன் நகல்களைப் பெருக்கிக்கொள்கிறது. உதிரும் உயிரணுக்களோடு சேர்ந்து வெளியேறுகிறது. எப்படியும் உதிரப்போகும் உயிரணுவைப் பயன்படுத்திக்கொள்வதால் உடம்பின் காவலர்களுக்குச் சந்தேகமே வருவதில்லை. கெட்டிக்காரக் கிருமி.

இந்தக் கட்டத்தில் நுண்ணோக்கியில் பார்த்தால், சில உயிரணுக்களின் உட்கரு உலர்திராட்சை போலச் சுருங்கி, சுற்றிலும் வெறுமையான ஒரு வளையத்தோடு தெரியும். இதைப் பார்த்ததுமே நோயியல் மருத்துவர் “எச்பிவி வேலை” என்று சொல்லிவிடுவார். ஆனால் இதுவும் புற்றுநோய் அல்ல. நோய் எதிர்ப்புச் சக்தி தாமதமாகவாவது விழித்துக்கொள்கிறது. பத்துத் தொற்றுகளில் ஏறத்தாழ ஒன்பது, ஓரிரு ஆண்டுகளில் தாமாகவே அடங்கிவிடுகின்றன.

அந்தப் பத்தாவதுதான் பிரச்சினை.

அடங்காமல் தங்கிவிடும் தொற்றில், கிருமியின் மரபணுத் துண்டு சில சமயம் மனித உயிரணுவின் மரபணுவுக்குள்ளேயே போய்ச் செருகிக்கொள்கிறது. அப்படிச் செருகும்போது கிருமியின் ‘இ2’ என்ற பகுதி அடிக்கடி உடைந்துபோகிறது. இ2 என்ன செய்துகொண்டிருந்தது? ‘இ6’, ‘இ7’ என்ற இரண்டு புரதங்களை அடக்கி வைத்திருந்தது. அது போனதும் இரண்டும் கட்டுப்பாடில்லாமல் கொட்டுகின்றன. நம் உயிரணுவில் ‘பி53’ என்று ஒரு மேற்பார்வையாளர் இருக்கிறார். மரபணு சேதமானால் பிரிவதை நிறுத்து, சரிசெய், முடியாவிட்டால் செத்துப்போ என்று கட்டளையிடுபவர். இ6 அவரைப் பிடித்து அழித்துவிடுகிறது. ‘ஆர்பி’ என்று ஒரு பிரேக் இருக்கிறது. இ7 அதைக் கழற்றிவிடுகிறது. எம்ஆர்டி ரயிலில் பிரேக்கும் போய், கட்டுப்பாட்டு அறையும் காலியானால் எப்படி இருக்கும்? அந்த நிலைமைதான். சேதமான மரபணுவோடு உயிரணுக்கள் பிரிந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு பிரிவிலும் புதுப் பிழைகள் சேரும். புகைபிடித்தால் இந்த ஆபத்து இன்னும் கூடும்.

பிரேக் கழன்ற உயிரணு தன்னை நிறுத்த வீணாக ‘பி16’ என்ற புரதத்தை ஏராளமாகத் தயாரிக்கும். ஆய்வுக்கூடத்தில் சாயம் போட்டால் அது பளிச்சென்று பழுப்பாகத் தெரியும். திசு அறிக்கையில் பி16 பற்றி ஒரு வரி இருந்தால், அது இந்தத் தடயத்தைத்தான் சொல்கிறது.

இந்த இரண்டு புரதங்களின் பிடி எவ்வளவு வலுவானது என்பதற்கு ஒரு சான்று உலகெங்கும் உள்ள ஆய்வுக்கூடங்களில் இன்றும் உயிரோடு இருக்கிறது. 1951இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹென்ரியெட்டா லேக்ஸ் என்ற 31 வயதுப் பெண் கருப்பை வாய்ப் புற்றுநோயால் இறந்தார். அவரிடம் கேட்காமலேயே எடுக்கப்பட்ட அவருடைய புற்றுநோய் உயிரணுக்கள்தான் புகழ்பெற்ற ‘ஹீலா’ உயிரணுக்கள். அவற்றுக்குள் இருப்பது எச்பிவி 18. இத்தனை ஆண்டுகள் கழித்தும், ஆய்வுக்கூடத்தில் இ6, இ7 இரண்டையும் அடக்கினால் ஹீலா உயிரணுக்கள் பிரிவதை நிறுத்திவிடுகின்றன.

சிஐஎன் 1, 2, 3: இந்த எண்கள் என்ன?

இப்போது அந்த குவே லாப்பிஸுக்குத் திரும்புவோம். கோளாறான உயிரணுக்கள் அடியிலிருந்து மேலே எவ்வளவு உயரம் நிரப்பியிருக்கின்றன? அதுதான் எண்.

அடியில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் என்றால் சிஐஎன் 1. மூன்றில் இரண்டு பங்கு வரை என்றால் சிஐஎன் 2. அதற்கும் மேலே, உச்சி வரை நிரம்பியிருந்தால் சிஐஎன் 3. சிஐஎன் என்பது ‘கருப்பை வாய்ப் படலத்துக்குள் உள்ள மாற்றம்’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம். ‘படலத்துக்குள்’ என்பதைக் கவனியுங்கள். மூன்றாம் நிலையிலும் தட்டு உடையவில்லை. பரவ வழி இல்லை. ஆகவே இந்த எண்களைப் புற்றுநோயின் ‘ஸ்டேஜ்’ எண்களோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். “ஸ்டேஜ் த்ரீயாம்!” என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பரவும் செய்தி சில நேரம் வெறும் சிஐஎன் 3ஆக இருக்கும். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

சிஐஎன் 1 என்பது உண்மையில் கிருமி தன் வேலையைச் செய்துகொண்டிருப்பதன் அடையாளம்தான். பெரும்பாலும் தானாக மறையும். பொதுவாகச் சிகிச்சை தருவதில்லை, கவனித்து வருவார்கள். சிஐஎன் 2தான் இரண்டும்கெட்டான். 2018இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வின்படி, சிகிச்சை தராமல் கவனித்து வந்த பெண்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் அது பின்வாங்கியது. 30 வயதுக்குக் கீழ் உள்ளவர்களிடம் சுமார் 60 விழுக்காடு.

“எதுக்குக் காத்திருக்கணும், உடனே எடுத்துட வேண்டியதுதானே?” என்று தோன்றும். நியாயமான கேள்வி. எடுக்கும் முறை எளிதுதான். மின்சாரம் பாயும் மெல்லிய கம்பி வளையத்தால் உருமாற்ற மண்டலத்தைச் சீவி எடுப்பார்கள். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். ஆனால் கருப்பை வாய்தான் கர்ப்பகாலத்தில் குழந்தையைத் தாங்கி மூடியிருக்கும் கதவு. அதிலிருந்து ஆழமாகச் சீவினால், பின்னாளில் குறைமாதப் பிரசவ வாய்ப்பு ஓரளவு கூடுகிறது. 27 வயதில், இனிமேல்தான் பிள்ளை பெற நினைக்கும் ஒருவருக்கு மருத்துவர் “ஆறு மாதம் பார்க்கலாம்” என்று சொன்னால் அது அலட்சியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சிஐஎன் 3 விஷயத்தில் அந்தத் தயக்கம் கூடாது. அது எப்படித் தெரியும்? இதற்கு விடை ஆக்லாந்தில் இருக்கிறது. படிக்கவே சங்கடமான விடை.

நியூசிலாந்துப் பெண்கள் கொடுத்த விலை

1966இல் ஆக்லாந்தின் தேசியப் பெண்கள் மருத்துவமனையில் ஹெர்பர்ட் கிரீன் என்ற மூத்த மருத்துவர் ஓர் ஆய்வைத் தொடங்கினார். இன்று சிஐஎன் 3 என்று அழைக்கப்படும் நிலை புற்றுநோயாக மாறும் என்பதை அவர் நம்பவில்லை. தம் கருத்தை நிரூபிக்க, ஒரு பகுதிப் பெண்களுக்கு முழுமையான சிகிச்சை தராமல், சிறு திசு மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டுத் தொடர்ந்து கவனித்து வந்தார். தாங்கள் ஓர் ஆய்வில் இருக்கிறோம் என்பதே அந்தப் பெண்களுக்குத் தெரியாது. வரச் சொன்ன போதெல்லாம் வந்தார்கள். சோதித்தார்கள். வீட்டுக்குப் போனார்கள்.

நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு உண்மை தெரிந்தது. அதே மருத்துவமனையின் நோயியல் மருத்துவர் ஜாக் மக்லீனும், கால்போஸ்கோப்பி செய்துவந்த பில் மக்கிண்டோவும் எச்சரித்தார்கள். யாரும் காது கொடுக்கவில்லை. 1984இல் அவர்கள் தரவுகளை மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். அப்போதும் பெரிய சலசலப்பு இல்லை. 1987இல் சாண்ட்ரா கோனி, ஃபிலிடா பங்க்கல் என்ற இரு பெண்கள் ‘மெட்ரோ’ என்ற சஞ்சிகையில் எழுதிய பிறகுதான் நாடே அதிர்ந்தது. நீதிபதி சில்வியா கார்ட்ரைட் தலைமையில் விசாரணை நடந்தது.

2008இல் அந்தப் பெண்களின் 30 ஆண்டு விவரங்கள் மறுபடி ஆராயப்பட்டன. சிறு திசு எடுத்ததோடு விடப்பட்ட 143 பெண்களில், 30 ஆண்டுகளுக்குள் புற்றுநோய் வந்தவர்கள் சுமார் 31 விழுக்காடு. முறையான சிகிச்சை பெற்ற 593 பெண்களிடம் அது 0.7 விழுக்காடு.

சிஐஎன் 3ஐ விட்டுவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு மருத்துவ உலகிடம் உள்ள மிகத் தெளிவான ஆதாரம் இதுதான். இனி யாரும் இப்படி ஓர் ஆய்வைச் செய்யவும் முடியாது. இந்த எண்ணை இரண்டு விதமாகவும் படிக்கலாம். சிகிச்சையே இல்லாமல் 30 ஆண்டுகள் விட்டாலும் பத்தில் ஏழு பேருக்குப் புற்றுநோய் வரவில்லை. ஆனால் அந்த ஏழு பேரில் நாம் ஒருவரா என்று முன்கூட்டியே சொல்ல எந்த நுண்ணோக்கியாலும் முடியாது. ஒரு சின்னச் சிகிச்சை 31ஐ 0.7 ஆக்குகிறது என்றால் பேரம் பேச என்ன இருக்கிறது?

தட்டு உடையும்போது

கோளாறான உயிரணுக்கள் அடித்தளச் சவ்வைத் துளைத்துக் கீழே இறங்கும் கணத்திலிருந்து அதன் பெயர் புற்றுநோய். நுண்ணோக்கியில், சீராக இருந்த அடிக்கோட்டிலிருந்து ஒழுங்கற்ற விரல்கள் கீழே நீளும். பெரும்பாலானவை தட்டை உயிரணுக்களிலிருந்து வரும் வகை. அவற்றில் சில இடங்களில் உயிரணுக்கள் சுருண்டு, இளஞ்சிவப்பு முத்துகள் போலத் தெரியும். பார்க்க அழகாகவே இருக்கும். என்ன செய்வது, நோய்க்கு ரசனை தெரியாது.

இங்கிருந்து எல்லாமே மில்லிமீட்டர் கணக்கு. ஆழம் 3 மில்லிமீட்டருக்குள் இருந்து, ரத்தக் குழாய்களிலோ நிணநீர்க் குழாய்களிலோ நுழையாமலும் இருந்தால், கூம்பு வடிவில் அந்தப் பகுதியை மட்டும் எடுத்தாலே போதுமானதாக இருக்கலாம். கருப்பையைக் காப்பாற்றலாம், பிள்ளை பெறும் வாய்ப்பும் இருக்கும். 5 மில்லிமீட்டரைத் தாண்டினால் நோயின் கட்டமே மாறுகிறது. அறுவைச் சிகிச்சையும் பெரிதாகிறது. கருப்பை வாயின் இருபுறமும் சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய்கள் மிக அருகில் ஓடுகின்றன. முற்றிய புற்றுநோய் பக்கவாட்டில் வளர்ந்து அவற்றை நெரித்துவிடும். கருப்பை வாயில் தொடங்கிய நோய் சிறுநீரகம் செயலிழப்பதில் முடிவது அப்படித்தான்.

ஆரம்பத்தில் வலி இல்லாததால்தான் இது மோசம். உறவுக்குப் பிறகு ரத்தக் கசிவு, இரண்டு மாதவிடாய்களுக்கு நடுவே ரத்தம், மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம், வழக்கத்துக்கு மாறான வெள்ளைப்படுதல்: இவை தெரியும்போது தட்டு உடைந்திருக்கக்கூடும். வேறு சாதாரணக் காரணங்களும் உண்டு, பதற வேண்டாம். ஆனால் “எச்பிவி இல்லை என்று போன வருஷமே வந்துடுச்சே” என்று தள்ளிப்போட வேண்டாம். சளி சுரக்கும் உயிரணுக்களில் வரும் வகைகளில் ஒரு சிறு பகுதி எச்பிவி இல்லாமலேயே வருகிறது. கிருமியைத் தேடும் பரிசோதனையில் அது சிக்காது.

சிங்கப்பூரில் அறிக்கை எப்படி நகர்கிறது?

பாலியல் உறவு அனுபவம் உள்ள 25 முதல் 29 வயதுப் பெண்களுக்கு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பாப் பரிசோதனை. 30 முதல் 69 வயது வரை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை எச்பிவி பரிசோதனை. 2019இலிருந்து இதுதான் பரிந்துரை. 30க்குக் கீழே ஏன் கிருமியைத் தேடுவதில்லை? அந்த வயதில் தொற்று மிகச் சாதாரணம், பெரும்பாலும் தானாகப் போய்விடும். தேடினால் வீண் பயம்தான் மிஞ்சும்.

முடிவில் 16 அல்லது 18 வகை இருந்தால் நேரே கால்போஸ்கோப்பிக்கு அனுப்புவார்கள். மற்ற ஆபத்தான வகைகள் என்றால், அதே மாதிரியில் உள்ள உயிரணுக்களை நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். மாற்றம் இருந்தால் கால்போஸ்கோப்பி. இல்லையென்றால் 12 மாதம் கழித்து மறுபடியும் பரிசோதனை.

கால்போஸ்கோப்பி என்றால் பெயர்தான் பெரிது. பெரிதாக்கிக் காட்டும் கருவியால் வெளியிலிருந்தே கருப்பை வாயைப் பார்ப்பது. அதற்கு முன் தடவுவது என்ன தெரியுமா? நீர்த்த அசெட்டிக் அமிலம். நம் சமையலறை வினிகரில் இருப்பது அதேதான். உட்கரு பெருத்த உயிரணுக்கள் உள்ள இடம் ஒரு நிமிடத்தில் வெள்ளையாக மாறிக் காட்டிக்கொடுக்கும். பிறகு அயோடின். ஆரோக்கியமான உயிரணுக்களில் சேமித்து வைத்த மாவுப்பொருள் இருப்பதால் அவை அடர் பழுப்பாகும்; கோளாறானவை மஞ்சளாகவே நிற்கும். சந்தேகமான இடத்திலிருந்து அரிசி அளவு திசு எடுத்து நோயியல் மருத்துவருக்கு அனுப்புவார்கள்.

இந்த வினிகரை மட்டும் வைத்தே ஒரு பெரிய சோதனை தமிழ்நாட்டில் நடந்தது. திண்டுக்கல் மாவட்டத்தில் பயிற்சி பெற்ற தாதியர் 30 முதல் 59 வயதுப் பெண்களின் கருப்பை வாயில் அமிலத்தைத் தடவி வெறும் கண்ணால் பார்த்தார்கள். தேவையானவர்களுக்குச் சிகிச்சை தரப்பட்டது. 2007இல் வெளிவந்த முடிவின்படி, பரிசோதனை செய்த கிராமங்களில் இந்தப் புற்றுநோயால் ஏற்பட்ட மரணங்கள் மற்றக் கிராமங்களைவிட 35 விழுக்காடு குறைவு. ஆய்வுக்கூடம் பக்கத்தில் இல்லாத ஊரிலேயே அது சாத்தியமானது.

நமக்கு என்ன குறை? கிட்டத்தட்ட ஒவ்வொரு வட்டாரத்திலும் பலதுறை மருந்தகம் இருக்கிறது. தகுதிபெறும் சிங்கப்பூரர்களுக்குக் கட்டணம் அதிகபட்சம் 5 வெள்ளிதான். இருந்தும் அண்மை ஆண்டுகளின் தேசிய மக்கள் சுகாதார ஆய்வுகளில், பரிந்துரைத்த காலத்துக்குள் கருப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொண்டதாகச் சொன்ன பெண்கள் பாதிக்கும் குறைவு.

“யாரிடமிருந்து வந்தது?”

பணத்தைவிட இந்தக் கேள்விதான் பல பேரைத் தடுக்கிறது என்று நினைக்கிறேன். எச்பிவி பாலியல் தொடர்பால் பரவுவது. அதனால் முடிவு வந்ததும் அது நடத்தைச் சான்றிதழ் ஆகிவிடுகிறது. மருந்தகத்துக்குப் போகவே, “கல்யாணம் ஆகாத பொண்ணுக்கு இது எதுக்கு?” என்று வீட்டில் ஒரு பார்வை. கல்யாணம் ஆனவருக்கோ, “அப்படின்னா அவர் வேற எங்கேயாவது...” என்று ஒரு நெருடல்.

நோயியல் இதற்குச் சொல்லும் பதில் நேரானது. பாலியல் உறவு கொண்டவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது எச்பிவி தொற்றியிருக்கும். வாழ்க்கையில் ஒரே ஒரு துணை இருந்தாலும் போதும். அடி அடுக்கில் கிருமி பல ஆண்டுகள் சத்தமில்லாமல் இருந்துவிட்டுப் பின்னர் பரிசோதனையில் தலைகாட்டலாம். எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தப் பரிசோதனையாலும் சொல்ல முடியாது. அதை வைத்துச் சண்டை போடுவதற்கு மருத்துவ ஆதாரம் கிடையாது. ஆண்களே, இதை நீங்களும் படிக்கிறீர்கள் என்று நம்புகிறேன். கிருமி உங்களிடமும் இருக்கும். தொண்டை, ஆணுறுப்புப் புற்றுநோய்களுக்கும் இதே எச்பிவி காரணமாகலாம்.

பரிசோதனையின் கூச்சத்துக்கும் மாற்றுவழி வந்துவிட்டது. மலேசியாவின் ‘ரோஸ்’ திட்டத்தில் பெண்கள் திரைக்குப் பின்னால் தாங்களே பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுத்துக் கொடுக்கிறார்கள். முடிவு கைத்தொலைபேசிக்கு வருகிறது. இதில் கிருமியைத்தான் தேடுகிறார்கள் என்பதால் மருத்துவர் குறிபார்த்து அந்த வளையத்தைத் தொட வேண்டிய அவசியம் இல்லை.

ஊசி போட்டாச்சே, அப்புறம் ஏன்?

தடுப்பூசியில் இருப்பது கிருமியின் வெளி ஓடு போன்ற வெறும் புரதக் கூடு. உள்ளே மரபணு கிடையாது, ஆகவே அதனால் தொற்று வராது. கிருமி அடி அடுக்குக்குப் போகும் முன்பே எதிர்ப்புப் பொருள்கள் அதைப் பிடித்துவிடும். உள்ளே போன பிறகு ஊசியால் அதை வெளியேற்ற முடியாது. அதனால்தான் சின்ன வயது. ஸ்காட்லாந்தில் 12, 13 வயதில் முழுமையாக ஊசி போட்டுக்கொண்ட பெண்களிடம் ஒருவருக்குக்கூட ஊடுருவும் கருப்பை வாய்ப் புற்றுநோய் பதிவாகவில்லை என்று 2024இல் அறிவித்தார்கள்.

மலேசியப் பள்ளிகளில் 13 வயது மாணவிகளுக்கு 2010இலிருந்து இந்த ஊசி போடுகிறார்கள். சிங்கப்பூரில் 2019இலிருந்து உயர்நிலை 1 மாணவிகளுக்குப் பள்ளியிலேயே இலவசமாகப் போடுகிறார்கள். அதற்கு முன் பள்ளி முடித்தவர்கள், அதாவது இதைப் படிக்கும் உங்களில் பலர், போட்டீர்களா இல்லையா என்பது அம்மாவுக்குத்தான் நினைவிருக்கும். கேட்டுப் பாருங்கள். 26 வயது வரை மெடிசேவ் பயன்படுத்தலாம்.

ஊசி எல்லா ஆபத்தான வகைகளையும் தடுப்பதில்லை. ஆகவே போட்டுக்கொண்டவர்களுக்கும் பரிசோதனை உண்டு. 2019இல் உயர்நிலை 1இல் கையை நீட்டிய முதல் அணி மாணவிகளுக்கு 25 வயது ஆவது 2031இல். அவர்களுடைய முதல் பாப் பரிசோதனைக் கண்ணாடித் தகடுகளில் நோயியல் மருத்துவர்கள் அந்த உலர்திராட்சை உட்கருக்களை எவ்வளவு குறைவாகப் பார்க்கப்போகிறார்கள் என்பது அப்போது தெரியும்.